முந்திக்கொண்ட ஸ்தோத்திரம்

"திரு. தேவசகாயம் அவர்கள், தம் மகள் சுகிர்தாவுக்கு இன்ஜினீயரிங் காலேஜில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு கிடைத்ததற்காகத் தேவனுக்கு நன்றி செலுத்தி ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்."

சர்ச் செக்ரட்டரி ராஜமணி சார் இதை வாசித்தபோது நான் பெண்கள் பக்கம் அம்மாவுக்கு அருகில் உட்கார்ந்து, யூடிகோலன் தெளித்த கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். விசிறிய கை அப்படியே நின்றுவிட்டது.

சுகிர்தா நான்தான். தேவசகாயம் என் அப்பா. காலேஜில் இடம் கிடைத்திருந்ததும் வாஸ்தவம்தான். ஆனால் எந்தப் பிரிவு என்பதை நேரில் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளப்போகிற நாள் வரப்போகிற செவ்வாய்க்கிழமை. கிடைக்காத ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமையே நன்றி சொல்லியாகிவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இருவரும் ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தோம். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரைப் படித்துவருகிற ஒரு வாசகி, "பெண்கள் இன்ஜினீயரிங் பக்கமே எட்டிப்பார்க்காத அந்தக் காலத்தில் நீங்கள் சிவில் எடுத்தது எவ்வளவு பெரிய துணிச்சல்!" என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என் அன்பு. துணிச்சலைப் பற்றிய அவருடைய நல்ல எண்ணத்தை இந்த வாரம் கெடுக்கவேண்டியிருக்கிறது.

உறையில் போட்ட நன்றி

எங்கள் தாம்பரத்துச் சபையில் ஒரு வழக்கம். வாரத்தில் ஏதாவது நன்மை நடந்தால் ஒரு சிறு உறையில் காணிக்கையைப் போட்டு, எதற்காக என்று மேலே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆராதனையில் செக்ரட்டரி அதை வாசிப்பார். பிறந்தநாள், கல்யாண நாள், வேலை உயர்வு எல்லாம் அதில் வரும். பல் பிடுங்கும்போது வலிக்காமல் காத்ததற்கு வரும். காணாமல்போன பசு பெருங்களத்தூர் வரை போய்விட்டுத் தானாகவே திரும்பி வந்ததற்கும் ஒருமுறை வந்தது. தாம்பரத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்குப் பத்திரிகை தேவைப்பட்டதில்லை.

அதற்கு முந்தைய மாதம் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், "பெற்றுக்கொண்ட பிறகு நன்றி சொல்வது எல்லாரும் செய்வது. பெறுவதற்கு முன்னே நன்றி சொல்லுங்கள், அதுதான் விசுவாசம்" என்று முழங்கிவிட்டுப் போயிருந்தார். சபையில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் என் அப்பாவாக இருந்தது என் தலையெழுத்து.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எலக்ட்ரானிக்ஸா! பெரிய படிப்பாச்சே சார்!"

"இனிமே எங்க வீட்டு ரேடியோ எல்லாம் சுகிர்தாகிட்டதான்!"

நானும் ஈ என்று இளித்துக்கொண்டு எல்லோருக்கும் "தேங்க்ஸ் அங்கிள், தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவைத்தேன். யாராவது என்னைத் தப்பான ரயிலில் ஏற்றிவிட்டால்கூட, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டே போகிற ஜாதி நான்.

எனக்கு வேண்டியிருந்தது சிவில். அதை நான் அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டு ஏரியல்

அப்பாவுக்குப் பட்டணத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். தினமும் மின்சார ரயிலில் போய் வருவார். உடம்புதான் ஆபீசுக்குப் போகும். மனசு எங்கள் வீட்டு முன்அறை மேஜையில், திறந்துபோட்ட ரேடியோ பெட்டிக்குள் கிடக்கும். அவருக்குப் படிக்க ஆசை இருந்தது. இண்டர்மீடியட்டோடு குடும்ப பாரம் தலையில் விழுந்து, ஆசை ரேடியோவில் போய் ஒதுங்கியது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடை போடும் பாஷா பாய்தான் அவருக்கு வேண்டிய ரேடியோ வால்வு, கம்பி எல்லாம் தருகிறவர். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன்.

"இன்னா சார், சும்மா பாத்துகினே கீறே? எட்துக்கோ. மிலிட்டரி மாலு. இத்தப் போட்டா சிலோன் ரேடியோ உன் வூட்டுக்குள்ள வந்து குந்திகினு பாடும்."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க பாய்?"

"போன தபா குட்த்தது வேற சார். அது கொஞ்சம் பேஜாரு."

அந்த வால்வையும் வாங்கிக்கொண்டு வந்து, ஈயம் உருகும் புகை வீடு முழுக்க மணக்க, அப்பா ராத்திரிச் சாப்பாட்டை மறந்து வேலை செய்வார். ரேடியோ பாடும். ஆனால் பெட்டியின் இடது பக்கம் ஒரு ஆள் நின்று, பின்னால் தொங்கும் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் பாடும். கையை எடுத்தால் கொரகொர.

அந்த ஆள் நான். என் பால்யத்தின் பெரும் பகுதியை நான் நின்றுகொண்டே கழித்தேன். செய்திக்கு நிற்பேன். நாடகத்துக்கு நிற்பேன். கிரிக்கெட் வர்ணனைக்கு நின்று கால் வலித்து, வலது காலுக்கும் இடது காலுக்கும் மாற்றி மாற்றி நிற்பேன். வருகிறவர்களிடம் அப்பா என்னைக் காட்டி, "இவளுக்கு ரேடியோன்னா உயிர். பாருங்க, பக்கத்தை விட்டு நகர மாட்டேங்கிறா" என்று பெருமையாகச் சொல்வார்.

எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கெண்டைக்கால் வலிக்கும்.

சிவில் வந்த வழி

சிவில் மேல் எப்படி ஆசை வந்தது என்பது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான கதை அல்ல. ஆரம்பித்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

செம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் அப்பா ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். கட்டினார் என்பதைவிட, கட்டிக்கொண்டே இருந்தார் என்பது சரி. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்து புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சூடான செங்கல் தண்ணீரை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். சிமெண்டும் ஈரமும் சேர்ந்து ஒரு வாசனை வரும். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் வீட்டின் பிளான் ஒரு பலகைமேல் கிடந்தது. நீலக் கோடு போட்ட பெரிய காகிதம். எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் திகிலாகிவிட்டது. சமையலறை இருக்கவேண்டிய இடத்தில் மேஸ்திரி படுக்கையறையைக் கட்டியிருந்தார்!

"மேஸ்திரி! எல்லாம் தப்பு! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

மேஸ்திரி கரணையைக் கீழே போட்டார். சித்தாள் பெண்கள் கலவைச் சட்டியோடு அப்படியே நின்றார்கள். எல்லோரும் பிளானைச் சுற்றி நின்று கவலையாகப் பார்த்தார்கள். மேஸ்திரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்பா ஆபீசிலிருந்து வரும்வரை வேலை நின்றது. வந்தவர் பிளானை என் கையிலிருந்து வாங்கினார். அதைத் திருப்பிப் பிடித்து என்னிடமே கொடுத்தார். நான் அதைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த அவமானத்தில் ஓடி ஒளிந்திருக்கவேண்டும். நான் ஒளியவில்லை. திருப்பிக் கொடுத்த அந்தக் காகிதத்தில் வாசல் வாசலாகவும் ஜன்னல் ஜன்னலாகவும் தெரிந்தது. இன்னும் எழும்பாத சுவர்களுக்குள் நான் நடந்துபோக முடிந்தது. அதோடு, ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு "நிறுத்துங்க" என்று சொன்னால் அத்தனை பேர் நிறுத்துவார்கள் என்பதும் தெரிந்துபோயிற்று. இரண்டில் எது என்னைச் சிவிலுக்கு இழுத்தது என்று இன்றுவரை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கவேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு உயரம் என்றால் பயம். அந்த வீட்டுக்கு மொட்டை மாடி போட்டபோது எல்லோரும் ஏணியில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். நான் கீழே நின்று "நல்லா இருக்கு" என்று சொன்னேன். தாம்பரம் ஸ்டேஷன் ஓவர்பிரிட்ஜில் பலகைச் சந்து வழியாகக் கீழே தண்டவாளம் தெரியும். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பாதி கண்ணை மூடித்தான் கடப்பேன். பி.யு.சி. படிக்கிற காலத்திலும் அப்படித்தான்.

இடம் கிடைத்த செய்தி வந்ததும் ராஜமணி சார் வீட்டுக்கு வந்து காபி குடித்தபடி சொன்னார்: "என்னத்த வேணாலும் எடுக்கட்டும், சிவில் மட்டும் வேணாம் சார். பொம்பளப் பிள்ளை சாரம் ஏற முடியுமா? மயக்கம் போட்டு விழுந்துரும்."

அவர் சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை

நன்றி வாசித்த மறுநாள் சமையலறையில் அம்மாவிடம் விஷயத்தை உடைத்தேன். அம்மா சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். யார் என்ன சொன்னாலும் அதிர்ச்சியடையாத முகம்.

"அப்பாகிட்ட சொல்லு."

"நீ சொல்லும்மா."

"நான் ஏன் சொல்றேன்? படிக்கப்போறது நீ."

"நீ சர்ச் மாதர் சங்கத்துல எதுக்காக ஜெபம் பண்ணச் சொன்னே?"

"'எது நல்லதோ அது நடக்கட்டும்'னு."

அம்மாவின் ஜெபங்கள் எல்லாம் இப்படித்தான். எந்தப் பக்கம் விழுந்தாலும் நிறைவேறிவிடும்.

பிறகு அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே, "சர்ச்சுல வேற வாசிச்சாச்சு. நீ மாத்திச் சொன்னா அப்பா மூஞ்சியை எங்க வெச்சுக்குவாரு? அதையும் யோசி" என்றாள்.

யோசிக்காமலா இருந்தேன்? அப்பா சபையில் ஓர் ஓரமான மனிதர். பாடகர் குழுவில் இல்லை, கமிட்டியில் இல்லை. கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல்முறையாக நாலு பேர் அவரைச் சுற்றி நின்று கை குலுக்கினார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். இப்போது நான் சிவில் என்றால், தேவனுடைய வீட்டில் பொய் சொன்னவர் என்று அவருக்குப் பெயர் வரும். எங்கள் சபையில் அந்த மாதிரிப் பெயர் எளிதில் போகாது. எலக்ட்ரானிக்ஸ் என்றால், அப்புறம் ஆயுசுக்கும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

எப்படியும் சொல்லிவிடுவது என்று முன்அறைக்குப் போனேன். அப்பா பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார்.

"அப்பா…"

"வாம்மா. இதைக் கொஞ்சம் பிடி."

பிடித்தேன். சிலோன் அருமையாகப் பாடியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் சொல்லவந்ததை முழுங்கிவிட்டுத் தூங்கப்போனேன்.

செவ்வாய்க்கிழமை

அப்பா லீவு போட்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். கிண்டி வரும்வரை ரயிலில் எனக்கு டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். வருங்காலத்தில் வால்வே இருக்காது என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் வழியாக மீனம்பாக்கத்தில் ஏதாவது விமானம் இறங்குகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

காலேஜில் அப்பாவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர். பேனாவைத் திறந்தார்.

"பேரு சுகிர்தா. பொண்ணா? அப்ப எலக்ட்ரானிக்ஸ்தான்" என்று தமக்குத் தாமே சொல்லியபடி எழுத ஆரம்பித்தார்.

இங்கேதான் நான் வாசகிக்குப் பதில் சொல்லவேண்டும். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு எது பிடிக்கும்மா?" என்று அன்பாகக் கேட்டிருந்தால், நான் அப்பாவை நினைத்து எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்லியிருப்பேன். என்னைக் கேட்காமலே எழுதினார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

"சிவில்" என்றேன்.

பேனா நின்றது. "என்னம்மா?"

"சிவில் சார்."

"சைட்ல நிக்கணும். சாரத்துல ஏறணும். ஏறுவியா?"

"ஏறுவேன் சார்."

மொட்டை மாடியைக் கீழே நின்றே பார்த்தவள்தான் இப்படிச் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். அவ்வளவுதான் என் துணிச்சல்.

வெளியே வந்தேன். அப்பா எழுந்து நின்றார்.

"முடிஞ்சுதா? கிடைச்சுதா?"

"முடிஞ்சுதுப்பா. சிவில் கிடைச்சிருக்கு."

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. பிறகு மெதுவாக, "எலக்ட்ரானிக்ஸ் தீர்ந்துபோச்சாம்மா?" என்றார்.

எவ்வளவு சுலபமான வழியை எனக்குத் திறந்துவிட்டார்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் வருத்தமில்லை. சர்ச்சிலும் சொல்லிக்கொள்ளலாம், இடம் இல்லை என்றுவிட்டார்கள் என்று. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. தேங்க்ஸ் அங்கிள், தேங்க்ஸ் ஆன்ட்டி என்று சொல்லியே பழகிய நாக்கு.

"இருந்துச்சுப்பா. நான்தான் கேக்கல."

"ஓ" என்றார்.

திரும்பும் ரயிலில் பரங்கிமலை போயிற்று, பல்லாவரம் போயிற்று. குரோம்பேட்டையில் கூட்டம் இறங்கியபிறகு, "உனக்கு ஓவர்பிரிட்ஜே ஏற வராதேம்மா" என்றார்.

"தெரியும்ப்பா."

தாம்பரத்தில் இறங்கி ஓவர்பிரிட்ஜில் ஏறும்போது அவர் சட்டையைப் பிடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பிடிக்காமலே, கம்பியோரம் தடவித் தடவி ஏறினேன். அவர் நாலு படி முன்னால் போய் நின்று, நான் வரும்வரை காத்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க ரேடியோ பாடவில்லை. அப்பா மேஜைப் பக்கமே போகவில்லை. கோபித்துக்கொண்டு திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவர் சாப்பிடும்போது "ரசம் ஊத்தட்டுமா?" என்று என்னைக் கேட்கக்கூடச் செய்தார்.

சனிக்கிழமை அம்மா சமாதானமாக ஒரு யோசனை சொன்னாள். "சும்மா விட்டுடுங்க. எலக்ட்ரானிக்ஸ் எது, சிவில் எதுன்னு அங்க யாருக்குத் தெரியப்போகுது? அஞ்சு வருஷம் கழிச்சு டிகிரி வாங்கி வந்தா எல்லாம் ஒண்ணுதான்."

எனக்கு அது மிக நல்ல யோசனையாகப் பட்டது.

மறு ஞாயிறு

ராஜமணி சார் அந்த வாரத்துக் காணிக்கைகளை எல்லாம் வாசித்து முடித்தார். காகிதங்களை மடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றப்போனார்.

"சார், ஒரு நிமிஷம்."

கடைசிக்கு முந்தின வரிசையில் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் சபையில் அப்படி நடுவில் எழுந்து யாரும் பேசுவதில்லை. தலைகள் எல்லாம் திரும்பின. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா முன்வரிசைப் பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குரல் சரியாக எழும்பவில்லை.

"போன வாரம் நான் ஒரு காணிக்கை கொடுத்தேன். எம் பொண்ணுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிடைச்சதுன்னு. அன்னிக்கு அது கிடைக்கல. இப்பவும் கிடைக்கல. அவங்க குடுக்க மாட்டேன்னு சொல்லல. எம் பொண்ணு சிவில் வேணும்னு கேட்டு வாங்கியிருக்கா."

யாரோ இருமினார்கள். ராஜமணி சார் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போதகரைப் பார்த்தார்.

"போன வாரம் எனக்குப் பிடிச்சதுக்கு ஸ்தோத்திரம் பண்ணேன். இந்த வாரம் அவளுக்குப் பிடிச்சதுக்குப் பண்ணணும். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு." அப்பா நிறுத்தினார். "ஆனாலும் பண்றேன்."

உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என் பக்கத்திலிருந்து, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அந்தக் கணீர்க் குரலில், அம்மா "ஆமென்" என்றாள். அதன் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக மற்றவர்களும் சொன்னார்கள்.

நானும் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போதகர் பாட்டின் எண்ணைச் சொன்னார். ஆர்மோனியம் ஆரம்பித்தது. சபை முழுவதும் எழுந்து நின்றது. ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். நிற்கிறவர்களுக்கு நடுவில் அப்பா மட்டும் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.